பாதரசம் நகராத நேரம்

இன்று காலை பூ மார்க்கெட் வழியாகப் பள்ளிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டி. அதில் ஈரச்சாக்கு போர்த்திய ஐஸ் பார்கள். வண்டி போன வழியெல்லாம் தார்ச்சாலையில் நீர் சொட்டிக் கோடு போட்டிருந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் நகரவில்லை. நனைந்த சணலும் உமியும் குளிரும் சேர்ந்த அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. குளிருக்கு ஏது வாசனை என்று நீ கேட்பாய். உனக்கு மூக்கில் அம்மோனியா ஏறி ஏறி மரத்துப்போய்விட்டது, உன்னிடம் போய் வாசனையைப் பற்றிப் பேச முடியுமா?

"டீச்சர், செத்த ஓரமா போங்க. லோடு உருகுது" என்றார், மார்க்கெட்டுக்குள் திருப்ப வண்டியைப் பின்னுக்கு இழுத்த வண்டிக்காரர். உன் கம்பெனி ஐஸ்தானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் வழிவிட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதிய பழக்கமே எனக்கு இல்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு யார் கடிதம் எழுதுவார்கள்? ஏதாவது சொல்லத் தோன்றினால் வண்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு ரோட்டில் உன் கம்பெனிக்கு வந்துவிடுவேன். இப்போதும் வண்டி இருக்கிறது, சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. வந்து சேர இடம்தான் இல்லை. அதனால் திருத்த வேண்டிய விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நாம் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஆய்வகத்து ஃபிரிட்ஜ் கெட்டுப்போயிருந்தது நினைவிருக்கிறதா? பனிக்கட்டி வேண்டுமென்றால் உன்னைத்தான் கேட்க வேண்டும். ஐஸ் கம்பெனிக்காரர் மகள் என்ற ஒரே காரணத்துக்காக, எல்லோரிடமும் எரிந்துவிழும் அந்தத் துறைத்தலைவர் உன்னிடம் மட்டும் "வாம்மா" என்பார். நீ ஒரு பெரிய தூக்குவாளியில் உமியைக் கொட்டி, நடுவில் ஐஸைப் புதைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாய். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் சேலை நனைந்துவிடும். ஒருநாள் ஒரு அம்மா, "என்ன தாயி, ரசம் கொட்டுதா?" என்று கேட்டதற்கு, "இல்லம்மா, பரீட்சை கொட்டுது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றைய சோதனை எளிமையானது. பீக்கரில் நொறுக்கிய ஐஸ், அதில் வெப்பமானி, கீழே விளக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை நான் பார்த்துச் சொல்ல வேண்டும், நீ எழுத வேண்டும். நான் பூஜ்யம் என்றேன். அடுத்த நிமிடமும் பூஜ்யம். அதற்கடுத்தும் அதுவே. விளக்கு பாட்டுக்கு எரிகிறது, ஐஸ் பாட்டுக்கு உருகுகிறது, பாதரசம் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? வெப்பமானியை வெளியே எடுத்து நர்ஸ் உதறுவதுபோல் உதறப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய்.

"ஏ புள்ள, அத ஏன் ஆட்டுற? அது சரியாத்தான் இருக்கு."

"சூடு போய்க்கிட்டே இருக்குல்ல? அப்ப ஏறணுமா வேணாமா?"

"போகுது. போற சூட்ட பூராம் ஐஸ் வாங்கி உருகுறதுக்கு வச்சுக்கிருது. உருகி முடியிற வரைக்கும் மேல ஏத்தாது. உள்ள வேலை நடக்குது, விடு."

வரைபடம் போட்டபோது அந்த நேரம் முழுவதும் ஒரு கிடைக்கோடாகப் படுத்துக் கிடந்தது. உள்ளுறை வெப்பம் என்று அதன்மேல் அழகாக எழுதினேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், ஒன்றும் நடக்காத இடம் என்றுதான் எனக்குப் படும். "எங்க கம்பெனியே இந்தப் படுத்த கோட்டுலதான் புள்ள ஓடுது" என்று நீ சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்த கையோடு உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கம்பெனியைப் பார்க்க ஆள் இல்லை. தங்கச்சி சின்னவள். நீ போய் உட்கார்ந்தாய். ஊரே, இரண்டு மாதத்தில் விற்றுவிடுவாள் என்று பேசியது. நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பலகைமேல் நடந்துகொண்டிருந்தாய். முதல்முறை உள்ளே வந்தபோது அம்மோனியா நெடியில் எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. குழாய்க்குள் அம்மோனியா ஆவியாகும்போது தொட்டியில் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது, அந்தக் குளிரில் டின்களில் உள்ள தண்ணீர் ஐஸாக இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாய். "வாங்குன சூட்ட எங்க வைக்கிற?" என்று கேட்டேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர் வழிந்துகொண்டிருந்த சூடான குழாய்களைக் காட்டினாய். "இந்தா, இங்க கொட்டுறோம். சூடு எங்கயும் காணாமப் போகாது புள்ள. யாராச்சும் ஒருத்தர் வாங்கித்தான் ஆகணும்" என்றாய்.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாயாம். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். "நல்லவேளை, பஜ்ஜி போடல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் அப்பா இறந்தது கத்திரி வெயிலில். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, திண்டுக்கல்லில் இருந்தேன். சித்தையன்கோட்டையில் பிறந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தம்பி ராணுவத்தில், வடக்கே எங்கோ பனிமலையில் இருந்தான். தந்தி போயிருந்தது. அவன் கிளம்பிவிட்டான் என்று பக்கத்து வீட்டு போனில் தகவலும் வந்துவிட்டது. ஆனால் ரயில் ஏறி வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். அவன் ஒரே பையன், கொள்ளி வைக்க வேண்டியவன். கடைசியாக லீவில் வந்தபோது ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் ரயிலேறியவன்.

பெரியப்பா நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. "வெயிலப் பாரு தாயி. இதுல நாளைக்கு வரைக்கும் போட்டு வைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவோம். அவன் வந்து பால் ஊத்தட்டும்" என்றார்.

அம்மா நிமிரவே இல்லை. "எம்புள்ள வந்து அவரு முகத்தப் பாக்கணும். அதுக்கு முன்னாடி யாராச்சும் கைய வச்சீங்க, என்னையும் சேத்து எடுங்க" என்றாள்.

நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். உன்னிடம் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உன் பதில் மட்டும் நினைவிருக்கிறது. "வாரேன்."

வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாய். பின்னால் சாக்கு போர்த்திய பார்கள், உமி மூட்டை, ஒரு தகரத் தொட்டி. எங்கள் தெருப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், கழுத்தில் கிடந்த சிலுவையை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாய், வேலையை ஆரம்பித்தாய். தொட்டியில் பார்களை அடுக்கி, மேலே பெஞ்சைப் போட்டு, அப்பாவைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் பார்களை அணைத்து, வெளிப்புறம் உமியும் சாக்கும் கொடுத்தாய். உருகும் தண்ணீர் தேங்காமல் முருங்கை மரத்துக்கு ஓட வாய்க்கால் வெட்டச் சொன்னாய்.

அந்த நேரத்தில் பெரியப்பா அடுக்களையிலிருந்து கல்லுப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐஸ் பார் மேல் இரண்டு கை அள்ளிப் போட்டும்விட்டார். குச்சி ஐஸ் விற்பவர்கள் உப்புப் போட்டுத்தானே பெட்டியைச் சில்லென்று வைத்திருக்கிறார்கள்! நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"பெரியப்பா, உப்பு வேணாம்."

"ஏம்மா? உப்புப் போட்டா நல்லா குளிரும்ல?"

"குளிரும். இப்ப இருக்கறதவிட அதிகமாவே குளிரும். ஆனா ஐஸ் மளமளன்னு உருகி ஓடிரும். நமக்கு அம்புட்டுக் குளிரு வேணாம் பெரியப்பா. தம்பி வர்ற வரைக்கும் நிக்கிற குளிரு வேணும்."

அவர் ஜாடியைக் கீழே வைத்தார். உப்பு விழுந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாய். யாரோ அப்பாவைப் பார்த்து ஓட வைத்திருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அம்மா பக்கம் திருப்பினாய். "காத்து பட்டா ஐஸ் தேஞ்சு போகும். உசுரோட இருக்குறவங்களுக்குத்தான் காத்து வேணும்" என்றாய். அம்மா அப்போதுதான் உன்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரயில் தாமதம் என்று தகவல் வந்தது. முதல் லோடு பாதியாகக் கரைந்திருந்தது. பெரியப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். என்ன நினைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நீ இரண்டாவது லோடோடு வந்து இறங்கினாய். அது பூ வியாபாரிக்குப் பேசி வைத்திருந்த ஐஸ் என்பது அவரே உன் பின்னாலேயே மொபெட்டில் துரத்திக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முகூர்த்த நாள், மல்லிகைப்பூ பெட்டி பெட்டியாக வெளியூர் போக வேண்டிய நாள். மனுஷன் சத்தம் போட்டுக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வேற எடத்துல பாத்துக்கிறேன் தாயி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று உச்சிப்பொழுதில்தான் அது நடந்தது. வீடு முழுக்க ஆட்கள், புழுக்கம். அம்மா திடீரென்று எழுந்து கத்தினாள்.

"ஏ, அவருக்கு வேர்க்குதுடி! இங்க பாருங்க, உங்கப்பாவுக்கு வேர்க்குது! உசுரு இருக்கு!"

அப்பாவின் நெற்றியில் முத்து முத்தாக நீர் பூத்திருந்தது. மேலுதட்டிலும் பூத்திருந்தது. நான் பார்த்தேன். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நம்பினேன். கூட்டத்தில் ஒருத்தி "முருகா" என்று நெஞ்சில் கைவைத்தாள். பெரியப்பா நாடி பார்க்கக் குனிந்துவிட்டார். பிறகுதான் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். குளிர்ந்த பரப்பு, ஈரக் காற்று, நீராவி சுருங்கி நீராகிறது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்தினாய். உன் விரல்கள் ஐஸை அள்ளி அள்ளி மரக்கட்டையாக இருந்தன.

நீ அம்மாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாய்.

"அம்மா, அது அவரு வேர்வை இல்லம்மா. நம்ம மூச்சு. இத்தன பேரு அழுது விட்ட மூச்சு பூராம் அவரு நெத்தியில வந்து உக்காந்திருக்கு. தொடச்சு விடுங்க."

அம்மா உன் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தாள். முந்தின நாளிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே துடைத்தாள், துடைத்துக்கொண்டே அப்பாவிடம் பேசினாள். மகன் வந்துகொண்டிருக்கிறான், செத்தப் பொறுங்க என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

தம்பி அதற்கு அடுத்த நாள் வெயில் சாயும் நேரத்தில்தான் வந்தான். பூட்ஸைக் கழற்றக் கூட இல்லை. அப்பா தூங்குபவர் போலவே இருந்தார். அவன் அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "நான் சொல்லாமப் போயிட்டேன்ப்பா" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். தொட்டியில் அப்போது மிச்சமிருந்தது கையகல ஐஸ்தான். நீ வாசலில் காலி சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாய். என் கண்ணைப் பார்த்து உன் குளிர்ந்த உள்ளங்கைகளை என் இமைகளின்மேல் வைத்தாய். எரிந்துகொண்டிருந்த கண்களுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்பியிருந்தால் ஐஸ் இன்னும் கொஞ்சம் நின்றிருக்குமே என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "நின்னுருக்கும். அழ வந்தவங்கள வெளிய போங்கன்னு எப்படிச் சொல்றது? அதான் இன்னொரு லோடு கொண்டாந்தேன்" என்றாய். நீராவி நீராகும்போது தன்னிடம் இருக்கும் சூட்டை அந்த இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நீராகும். அதை எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! அன்று அந்த வீட்டில் மூச்சுவிட்ட எல்லோரும் அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சம் சூடு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது நீ சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சூட்டையும் உன் ஐஸ்தான் வாங்கிக்கொண்டது.

உனக்கு நோய் வந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதை, கம்ப்ரஸருக்கு உதிரிப் பாகம் வாங்கப் போகிறேன் என்று எனக்கே சொன்னவள் நீ. தெரிந்த அன்று உன்னை நன்றாகத் திட்டினேன். நீ மாட்டிக்கொண்ட பிள்ளை கணக்காகச் சிரித்தாய். கடைசி மாதங்களில், பள்ளி விட்டதும் நேராக உன்னிடம்தான் வருவேன். உனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு சின்னத் துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும் வரைக்கும் கண்ணை மூடியிருப்பாய். "வலிக்குதா?" என்று கேட்டால் உள்ளங்கையைக் கிடையாக நீட்டிக் காட்டுவாய். "படுத்த கோடு" என்பாய். அந்தக் கோட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்த காலமெல்லாம் போயிருந்தது எனக்கு. உன் கையை மெல்ல இறக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன்.

நீ போனபோது ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஊரில் இப்போது எல்லா வீட்டுக்கும் அதுதான். போன் செய்தால் கொண்டுவந்து இறக்கி, ஒயரைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். உன் தங்கச்சி வீட்டுக்காரர் ஏற்பாடு செய்தார். கம்பெனியையும் அவர்தான் இப்போது பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார். தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. பெட்டியின் அடியில் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே அது எப்படி ஓடுகிறது என்று சொல்லியிருப்பாய் நீ. உனக்காகத் தூரத்திலிருந்து வர வேண்டியவர்கள் யாரும் இல்லை. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு எடுப்பது என்று முடிவாகிவிட்டது. இன்னும் ஒருநாள் வைத்திருங்கள் என்று கேட்கலாமா என்று தோன்றியது. யார் வர வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான்தான் வந்துவிட்டேனே. வந்தும் எனக்குப் போதவில்லை என்று சொல்ல முடியுமா?

உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி மூடியின்மேல் பனி பூத்து உன் முகம் மங்கியது. முந்தானையால் துடைத்தேன். மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் என்னால் துடைக்க முடிந்தது. உன் நெற்றி அந்தப் பக்கம் இருந்தது. உன் தங்கச்சி என் தோளைத் தொட்டு, "அக்கா, அது அப்படித்தான் பூக்கும், விட்டுருங்க" என்றாள். எனக்குத் தெரியாதா? "நம்ம மூச்சும்மா இது" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு அறையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துடைக்க வந்தார்கள்.

வகுப்பில் உள்ளுறை வெப்பம் வரும்போது அந்தக் கிடைக்கோட்டை இப்போது நீளமாகத்தான் வரைகிறேன், பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். "டீச்சர், இம்புட்டு நேரமா ஒண்ணுமே நடக்கலையா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடுகிறது. "உள்ள வேலை நடக்குது, விடு" என்று உன் குரலிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வரியை எழுதப் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இதை எழுதும் மேசைமேல் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் முழுக்க நீர் பூத்து, விடைத்தாள்களின்மேல் இறங்கப் பார்க்கிறது. துடைக்க வேண்டும். இந்த அறையில் மூச்சுவிடுவது நான் ஒருத்திதான். இதில் உன் மூச்சு இருக்க வழியில்லை என்பது இயற்பியல் டீச்சருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், புள்ள, நான் இன்னும் துடைக்கவில்லை.